சேசிஸ் நம்பருக்கு நான் செய்த சேவை

இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் சொந்தபந்தத்தில் என்னைப் பற்றி ஒரு பெருமையான பொய் உலவிக்கொண்டிருக்கிறது. என் அண்ணன் முதல் லாரி வாங்கியபோது, நான் படித்த மூளையை உபயோகித்து ஒரு தந்திரம் செய்து, அந்த லாரி வேறு கைக்குப் போகாமல் தடுத்துவிட்டேனாம். கல்யாண வீடுகளில், "இதான் கலா, லாரியை மடக்குன பொண்ணு" என்று காட்டுகிறார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துவைப்பேன். இன்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தந்திரமும் இல்லை, மூளையும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு துண்டு உப்புத்தாளும், எதையும் சுத்தமாகச் செய்தே தீர வேண்டும் என்ற வியாதியும்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஓசூர் ரோட்டின் தலைக்கு மேல் இன்னொரு ரோடு போடாத காலம். டிப்ளமோ முடித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, தூசி, கீறல், சரியாகப் பிடிக்காத ஈயம் என்று குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தால் ஒரு பெண் என்ன ஆவாள்? வீட்டிலும் அதையே இலவசமாகச் செய்வாள். பொம்மனஹள்ளியில் நான் அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தேன். சிலிண்டர் மாற்றிய தேதி, பால்காரர் வராத நாள், அண்ணி சாந்தி பருப்புக்கு வைக்கும் விசில் எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் இருந்தது. ("உங்க தங்கச்சி ஒரு நாளைக்கு என் நெத்தியிலயும் ரிஜெக்ட்னு ஸ்டிக்கர் ஒட்டத்தான் போறா" என்று அண்ணி அண்ணனிடம் சொன்னது எனக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் சமையலறைச் சுவர் மெல்லியது.)

அண்ணன் முருகேசன் லாரி டிரைவர். ஹெப்பகோடியில் பாஷா பாய் என்பவருடைய ஒரே லாரியை ஆறு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் அண்ணன் இருக்கிற இடமே தெரியாது. அண்ணி கேட்டால்தான் பேசுவான், அதுவும் பாதி வாக்கியம். எனக்கு விடுமுறையான ஒரு நாள் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு படி ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கி உள்ளே விழுந்த பிறகு பார்த்தால், வண்டி ஓட்டுகிற சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு நிமிர்ந்த, அவசரமே இல்லாத ஒரு ஆள். என் அண்ணன்தான். பிரேக்கில் கால் வைத்ததும் அவ்வளவு பெரிய இரும்பு அடங்கி மூச்சு விட்டது. தினமும் என்னை இடித்துத் தள்ளுகிற கம்பெனி பஸ்கள் கீழே எங்கேயோ ஊர்ந்தன. அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த லாரியைத்தான் பாஷா பாய் விற்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு மூட்டு வலி. இனி மகனின் பழக்கடையில் உட்காரப் போகிறாராம்.

"முருகேசா, வண்டி உன் கைக்குப் பழகிடுச்சு. உனக்குக் கொடுத்தாதான் எனக்கு நிம்மதி" என்றார். "ஆனா ஹொஸ்கோட்டே பார்ட்டி ஒருத்தன் ரொக்கத்தோட நிக்கிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள உனக்கு ஃபைனான்ஸ் ஓகே ஆச்சுன்னா, வண்டி உன்னுது. இன்ஷா அல்லா."

முதல் வண்டி வாங்குகிற டிரைவரை பாங்குக்காரர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது சிக்னல் பக்கத்தில், டயர் கடை மாடியில் இருந்த ஒரு சின்ன ஃபைனான்ஸ் கம்பெனி. அங்கே கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறவர் நாகராஜ் என்ற ஃபீல்டு ஆபீசர். புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹெப்பகோடிக்கு வந்து வண்டியையும் ஆளையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவ்வளவுதான். நான் பட்டியல் போட்டேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், ரேஷன் கார்டு, வீட்டுக்காரரின் கடிதம் என்று பதினேழு வரிகள். பதினோராவது வரி: பென்சில் பிரிண்ட், மூன்று பிரதி.

லாரியின் சேசிஸில் ஒரு நம்பர் பொறித்திருப்பார்கள். வண்டிக்குக் கைரேகை மாதிரி. அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் தாளில் ஏறும். திருட்டு வண்டி இல்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. அது இல்லாமல் எந்தக் கடனும் நகராது.

"அதெல்லாம் நாகராஜ் சாரே எடுத்துக்குவாரு. நீ வண்டிகிட்ட போவாத" என்றான் அண்ணன்.

"ரெடியா வெச்சிருந்தா நல்ல பேர்ணா. ஒழுங்கான பார்ட்டின்னு நினைப்பாங்க."

"உனக்கு எதுக்கு, அடியில ஒரே கிரீஸு."

(அண்ணன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். அதை நான் எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும்.)

புதன்கிழமை எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை. அண்ணனும் பாஷா பாயும் இன்சூரன்ஸ் காகிதம் வாங்கப் போயிருந்த நேரத்தில், காலை பத்து மணிக்கு நான் லாரிக்கு அடியில் இருந்தேன்.

லாரி என்றால் என்ன என்பது அதன் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முகத்திலிருந்து வால் வரை இரண்டே இரண்டு இரும்புச் சட்டங்கள். இத்தனை வருடம் ஏற்றிய சிமெண்டு, தக்காளி, கருங்கல் எல்லாம் அந்த இரண்டின்மேல்தான் உட்கார்ந்து போயிருக்கின்றன. ரயில் பாலத்துக்கு அடியில் படுத்தது போல எனக்கு ஒரு மரியாதை வந்தது. முன் சக்கரத்தை ஒட்டி, அந்தச் சட்டத்தின் பக்கவாட்டில் நம்பரைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சேறு, கிரீஸ், பழைய பெயின்ட், துரு என்று நாலு அடுக்குக்குக் கீழே நம்பர் மாதிரி ஏதோ இருந்தது. தாளை வைத்துத் தேய்த்தால் மழை மேகம்தான் வந்தது.

எங்கள் கம்பெனி செய்முறைத் தாளின் முதல் வரி எனக்கு மனப்பாடம்: 'பரிசோதிக்கும் முன் பரப்பைச் சுத்தம் செய்யவும்.' செய்தேன். முதலில் மண்ணெண்ணெய். பிறகு கம்பி பிரஷ். பிறகு உப்புத்தாள். துரு போகப் போக இரும்பு பளபளத்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. இரண்டு இடத்தில் துரு ஆழமாக இருந்தது. பக்கத்து வெல்டிங் கடைக்காரரிடம் போய்க் கை கிரைண்டரை இரவல் கேட்டேன். "ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துக்கோம்மா, அது இழுக்கும்" என்றார். இழுத்தது.

முடித்துப் பார்த்தபோது இரும்பில் என் முகம் தெரிந்தது. நம்பர்தான் தெரியவில்லை.

முழுசாகப் போகவில்லை. சில இலக்கங்கள் நிழலாக இருந்தன. சில, நம்பிக்கை உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்தன. எனக்கு வியர்த்தது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பதற்றப்பட மாட்டார்கள். அடுத்த வரிக்குப் போவார்கள். பிரிண்ட் எடுத்தேன். தாளில் விழாத இடங்களில், ஆர்.சி. புக்கைப் பார்த்து, பென்சிலால் கொஞ்சம் கை கொடுத்தேன். டிப்ளமோவில் இன்ஜினியரிங் டிராயிங்கில் எழுத்துக்கென்று தனி மார்க் உண்டு. நான் வகுப்பில் முதல். அந்த மார்க்குக்கு ஒரு சின்ன அவமானமும் வராதபடி எழுதினேன். பிறகு, தேய்த்த இரும்பை அப்படியே விட்டால் மறுபடி துரு பிடிக்குமே என்று, அதே வெல்டிங் கடையிலிருந்து செம்மண் நிற ப்ரைமர் பெயின்ட் வாங்கி, ஓரம் நேராக வருவதற்காக நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அழகாக ஒரு செவ்வகம் அடித்தேன்.

பட்டியலில் பதினோராவது வரியை டிக் செய்தேன்.

மூன்று மணிக்கு நாகராஜ் சார் மொபெட்டில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில், பாக்கெட்டில் டார்ச். வரும் வழியில் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அண்ணன் எப்படிப்பட்டவன் என்று ஊரையே விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அட்டவணை போட்டு, பிரிப்புத் தாள் வைத்த என் ஃபைலை நீட்டினேன்.

"ஏனம்மா இது, பரீட்சையா?" என்று கேட்டு, திறக்காமலே அக்குளில் செருகிக்கொண்டார். "முருகேசன், ஸ்டார்ட் மாடு" என்றார், பாதி கன்னடத்தில்.

அண்ணன் ஸ்டார்ட் செய்தான். நாகராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டு பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஆறு டயரையும் விரலால் தடவினார். கேபினுக்குள் எட்டிப் பார்த்து, சாமி படத்தையும் மடித்து வைத்த போர்வையையும் பார்த்தார். எனக்கு முதலில் கோபம்தான். பிறகு மெல்ல உறைத்தது. நான் பதினேழு வரியில் எழுதியதை அவர் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி பரவாயில்லை. ஆளும் பரவாயில்லை" என்றார். அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பிரிண்ட் ஒண்ணு எடுத்துட்டா ஆயித்து."

"ரெடி சார்!" என்றேன், ஸ்கூலில் ஆஜர் சொல்கிற குரலில். மூன்று தாளையும் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தார். வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கே."

"தேங்க்ஸ் சார்."

"பன்னெண்டு வருஷமா பிரிண்ட் பாக்கறேன்மா. ஃபேக்டரியில சுத்தியல்ல அடிக்கிறான். ஒரு நம்பர் மேல ஏறும், ஒண்ணு கீழ இறங்கும். இங்க என்ன எல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. அண்ணனும் குனிந்து பார்த்தான். பாஷா பாயும் மூட்டு வலியோடு குனிந்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஓரம் பிசகாத ஒரு செம்மண் செவ்வகம்.

"யா அல்லா" என்று பாஷா பாய் அங்கே கிடந்த ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் வேலை?" என்று கேட்டார் நாகராஜ் சார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். என் நகத்தில் இருந்த ப்ரைமரைப் பார்த்தான். பிறகு திரும்பி, "நான்தான் சார். துருவா இருந்துச்சு, அதான்..." என்றான்.

"முருகேசா!" பாஷா பாயின் குரல் உடைந்தது. "ஆறு வருஷம் என் புள்ள மாதிரி இருந்தியே. என் வண்டியைத் திருட்டு வண்டி ஆக்கிட்டியேடா!"

"நம்பர் தேச்ச வண்டிக்கு ஃபைனான்ஸ் ஆகல்ல" என்றார் நாகராஜ் சார். பேனாவை மூடினார். "ஆபீஸ்ல சொல்லியே ஆகணும். போலீஸ் கேஸ்கூட ஆகும்."

என் நிதானம் அங்கேதான் கழன்று விழுந்தது. "அண்ணன் இல்லை சார், நான்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். முதலில் மண்ணெண்ணெய், இரண்டாவது கம்பி பிரஷ், மூன்றாவது உப்புத்தாள் என்று வரிசை பிசகாமல், அழுதுகொண்டே, செய்முறைத் தாளை ஒப்பித்தேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இரு. ஓரத்துல டேப் ஒட்டினியா?"

"ஆமா சார். கோடு நேரா வரணும்ல."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிற்க முடியாமல் சிரித்தார்.

"நம்பரை மறைக்கிறவன் கிரீஸ் பூசுவான்மா. சேறு அப்புவான். எந்தத் திருடனாவது டேப் ஒட்டி, பாக்ஸ் கட்டி, இங்க பாருங்கன்னு பெயின்ட் அடிப்பானா? டிரைவரும் இப்படிப் பண்ண மாட்டான். இது படிச்சவங்க மட்டும் பண்ற வேலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் நம்பறேன். ஆனா ஃபைல் நம்பணுமே. பாய், இந்த வண்டி புதுசுல யார் ஃபைனான்ஸ்?"

"உங்க ஆபீஸ்தான். பழைய மேனேஜர் இருந்தப்போ."

"அப்போ அந்த பிரிண்ட் எங்க பரண்லதான் இருக்கும். நாளைக்குத் தேடிட்டு வர்றேன். அதுவரைக்கும்..." என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "வண்டியைத் தொட பேடா. வேண்டாம், தாயி."

வீட்டில் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் திட்டாமல், அடுப்படியிலிருந்த பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக லீவு போட்டேன். நாங்கள் ஒன்பது மணிக்கு ஹெப்பகோடி போனபோது, லாரிக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. ஹொஸ்கோட்டே பார்ட்டி. கையில் பை, கூட ஒரு மெக்கானிக். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்று சொன்ன பாஷா பாய், டிரைவருக்கு எங்கே ஃபைனான்ஸ் கிடைக்கப்போகிறது என்ற பயத்தில், போன வாரமே அவர்களை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நேற்றைய கலவரத்தில் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

அண்ணன் பாஷா பாயைப் பார்த்தான், அவ்வளவுதான். அவர் தரையைப் பார்த்தார்.

மெக்கானிக் அடியில் போனான். போன வேகத்தில், பாம்பைக் கண்டவன் மாதிரி வெளியே வந்தான். முதலாளி காதில் ஏதோ சொன்னான். வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

புழுதி அடங்கியதும் பாஷா பாய் சொன்னார்: "இனிமே இதை யாரு வாங்குவா? முருகேசா, மன்னிச்சுடுப்பா. எத்தனை நாள் ஆனாலும் சரி, நீயே வெச்சுக்கோ."

பதினொரு மணிக்கு நாகராஜ் சார் ஒட்டடை படிந்த ஒரு ஃபைலோடு வந்தார். உள்ளே பழுப்பேறிய பென்சில் பிரிண்ட். லாரியின் முதல் வயதுக் கைரேகை. ஒரு நம்பர் மேலே, ஒன்று கீழே. மூன்று என்ற இலக்கம் மட்டும் இரண்டு தடவை அடிபட்டு நிழலோடு இருந்தது. தின்னரால் ப்ரைமரைத் துடைத்தார். மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரல் நகத்தால் இரும்பை மெல்ல வருடினார். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இங்க ஏழு, சாஞ்சிருக்கு" என்றார். நகம் நகர்ந்தது. "இங்க... ஆ. ரெண்டு அடி வாங்கின மூணு. இவரேதான்."

பூதக்கண்ணாடி கொடுத்துச் சம்பளமும் கொடுத்து உட்கார வைத்திருந்த பெண் நான். அவர் நகத்தால் படித்துக்கொண்டிருந்தார். சேறும் கிரீஸும் அப்பிய அந்த இடத்தில் படுத்துக்கொண்டு, நல்ல சங்கீதம் கேட்கிறவளைப் போல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பழைய பிரிண்டையும் ஆர்.சி. புக்கையும் வைத்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, நம்பரை மறுபடி பொறிக்க உத்தரவு வாங்க மூன்று வாரம் ஆனது. பாஷா பாய் காத்திருந்தார். கடைசியில் ஒரு ஆள் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு இலக்கமாக அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் லாரி முழுக்க டங்கென்று அதிர்ந்தது. அந்த ஒலி சட்டத்தின் வழியாக வால் வரைக்கும் போய்த் திரும்பி வருவதைக் கையை வைத்து நான் கேட்டேன். நம்பர் கோணலாகத்தான் விழுந்தது. அவ்வளவு அழகான கோணலை நான் பார்த்ததில்லை.

கடன் பத்திரம் எழுதுகிற அன்று, ஜாமீன் கையெழுத்துக்கு யார் என்று மேனேஜர் கேட்டார். "இந்தம்மா போடட்டும் சார். பொய் சொன்னாலும் ஸ்கேல் வெச்சுத்தான் சொல்வாங்க" என்றார் நாகராஜ் சார். நான் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கையெழுத்தாவது கோணலா போடும்மா. யாரும் நம்ப மாட்டாங்க."

அன்று சாயங்காலம் அண்ணன், சொந்த வண்டியில், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓசூர் ரோட்டில் வந்தான். கேட்டேன்: "ஏண்ணா அன்னைக்கு நீ பண்ணதா சொன்னே? வண்டியே போயிருக்குமே."

கியர் மாற்றினான். "கேஸு கீஸுன்னா உன் வேலை போயிடும். எனக்கென்ன, இந்த வண்டி இல்லன்னா இன்னொரு வண்டி."

இன்னொரு வண்டி கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆறு வருடம் அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்து, போர்வையை மடித்து வைத்து, அவன் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். நான் ரொம்ப நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவன் ஊர் முழுக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஹொஸ்கோட்டேக்காரன் வரப்போவது தங்கச்சிக்கு முன்னாடியே தெரியுமாம், வேணும்னேதான் தேய்த்தாளாம். வீட்டில் பேசாதவன் இதற்கு மட்டும் எங்கிருந்தோ வாய் வாங்கி வந்தான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கச் சந்தனத்தை என் கையில் கொடுக்கப்போன அத்தையிடம், "பாத்து, ரொம்பத் தேக்க விடாதீங்க, அடையாளம் போயிடும்" என்று அண்ணி சபையில் சொன்னாள்.

இப்போது அண்ணனிடம் மூன்று லாரிகள். ஒவ்வொன்று வாங்கும்போதும் பூஜைக்கு என்னை வரச் சொல்வான். எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏறுவதற்கு முன், ஒரு துண்டு உப்புத்தாளை என் கையில் கொடுத்து, "ராசிடா, ஒரு இழுப்பு இழுத்துடு" என்பான். நான் பயபக்தியோடு குனிந்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பேன். நம்பர் இருக்கிற பக்கம் இல்லை, எதிர்ப் பக்கம். நம்பர் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணி நின்றிருப்பாள்.